நானே அழுத்திக் கொடுத்த எட்டு எண்

எங்கள் ஷெட் கணபதிப் பகுதியில், ஒரு டெம்போ நுழைந்தால் இன்னொன்று திரும்ப முடியாத சந்தில் இருக்கிறது. முன்னால் ஷெட், பின்னால் வீடு. பம்ப்செட்டுக்கு வேண்டிய சாமான்களைக் கடைந்து கொடுக்கிற வேலை. மூன்று லேத், ஒரு மில்லிங் மிஷின், ஒரு கம்ப்யூட்டர். என் வீட்டுக்காரர் கண்ணை மூடின பிறகு எல்லாவற்றையும் நான்தான் பார்த்தேன். மகன் படித்து முடித்து வந்ததும் அவன் கையில் கொடுத்தேன். கொடுத்தேன் என்று சொல்கிறேனே தவிர, ஷெட்டுச் சாவி இன்னும் என் இடுப்பில்தான் இருக்கிறது.

நான் இரண்டாம் வகுப்புக்கு மேல் போகவில்லை. தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், மெதுவாக எழுதுவேன். இங்கிலீஷ் தெரியாது. எண்கள் மட்டும் எந்த மொழிக்காரருக்கும் குறையாமல் தெரியும். இதை எழுதியது நான். எழுத்துப் பிழைகளை மருமகள் திருத்தினாள். விஷயத்தில் கைவைக்க விடவில்லை. விட்டிருந்தால் என்னைக் கொஞ்சம் நல்லவளாக ஆக்கியிருப்பாள்.

ஒரு சாமானைக் கடைய வேண்டுமென்றால் அதற்கு டிராயிங் வேண்டும். எத்தனை நீளம், எத்தனை பருமன், எந்த இடத்தில் துளை என்று கம்பெனிக்காரர்கள் அளவு போட்டுக் கொடுக்கிற படம். அது எங்கள் கம்ப்யூட்டருக்கு வரும். கம்ப்யூட்டரிலிருந்து முதல் லேத்துக்குப் பத்தடி தூரம்தான். அந்தப் பத்தடியைக் கடக்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை.

முதலில் தாளில் எடுத்துக் கொடுத்தோம். மத்தியானத்துக்குள் எண்ணெய்க் கை பட்டு மூன்றும் எட்டும் ஒன்றாகிவிடும். அப்புறம் பென்டிரைவ். அதில் டிராயிங்கோடு வைரஸும் வந்து, கம்ப்யூட்டர் இரண்டு நாள் படுத்துக்கொண்டது. பிறகு வயர் போட்டுப் போனில் ஏற்றினார்கள். வயரின் முனை மாதம் ஒன்று போனது. கடைசியில்தான் மகன் வைஃபை மூலமாகவே போகிற மாதிரி செய்தான். கம்ப்யூட்டரில் டிராயிங் எல்லாம் ஒரு பெட்டியில் கிடக்கும். எங்கள் வைஃபைக்குள் வந்த போன் எதுவானாலும் அந்தப் பெட்டியைத் திறக்கலாம், வேண்டியதைத் தன் பக்கம் இறக்கிக்கொள்ளலாம். பெட்டிக்குத் தனியாகப் பூட்டு இல்லை. பூட்டினால் மிஷின்காரர்கள் ஒவ்வொரு தடவையும் கையைத் துடைத்துவிட்டு வந்து எழுத்து அடிக்க வேண்டும், அது ஆகிற காரியமில்லை என்றான். வைஃபை நம்பர்தான் பூட்டு. எட்டு எண்.

அது மூன்று பேருக்குத் தெரியும். மகனுக்கு, எனக்கு, மூத்த லேத்காரருக்கு.

மூத்த லேத்காரர் எங்களிடம் பத்தொன்பது வருஷம் இருந்தவர். தொண்டாமுத்தூர்ப் பக்கம். எங்கள் விவசாயக் காடு அங்கேதான் இருந்தது, அவருடைய அப்பா அதில் வேலை செய்தவர். காட்டைக் கொடுத்துவிட்டு லேத் வாங்கினபோது அந்த அப்பாவே கூட்டிவந்து விட்டார். "இவனுக்கு இரும்பு வேல நல்லா வருமுங்க" என்றார். வந்தது. தினமும் இரண்டு பஸ் மாறி வருவார். அவர்கள் வேதக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள். ஆனாலும் ஆயுத பூஜைக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, வரிசையில் நின்று படம் எடுத்துக்கொள்வார். எழுதும்போது அவர், இவர் என்று வருகிறது. நேரில் நான் அவரை வா, போ என்றுதான் பேசுவேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

வைஃபை வந்ததில் அவருக்குத்தான் பெரிய சந்தோஷம். கண் பார்வை கொஞ்சம் மங்கியிருந்தது. போனில் இரண்டு விரலை வைத்து விரித்தால் எண் கொட்டாங்குச்சி அளவுக்குப் பெரிதாகத் தெரியும்.

"ஏனுங்கம்மா, இந்த வசதி கொஞ்சம் முந்தியே வந்திருந்தா, மூக்குக் கண்ணாடிக்காரன் கடையவே மூடியிருப்பானுங்க" என்பார்.

"நீ கண்ணாடி போட்டுக்கிட்டா கடைக்காரன் பொழைப்பான், நானும் பொழைப்பேன்" என்பேன். பார்வை மங்கினாலும் அவர் கையில் ஒரு சாமான் திரும்பி வந்ததில்லை.

எதிர் ஷெட் என் பெரியப்பா மகனுடைய பையனுக்குச் சொந்தம். எனக்கு மாப்பிள்ளை முறை. அத்தை, அத்தை என்று வாய் நிறையக் கூப்பிடுவான். ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். மகன் கம்பெனிக்குப் போயிருந்தான். நான் ஷெட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். வெற்றிலை பாக்கு, அழைப்பிதழ் எல்லாம் வைத்த தட்டோடு வந்தான்.

"வாங்க மாப்ள. எதுத்தாப்புல இருந்துக்கிட்டு மாசத்துக்கு ஒருக்கா மூஞ்சியக் காட்டறீங்க."

"சோலி கழுத்தப் புடிக்குதுங்கத்தை. என்ற பாப்பாவுக்குக் காது குத்தறமுங்க, கொடுமுடியில. நீங்க முன்னால வந்து நிக்கோணும். பின்னால நின்னீங்கன்னா உங்ககூட டூ."

தட்டை வாங்கிக்கொண்டேன். காபி வந்தது. குடித்துவிட்டுப் போனை எடுத்தான்.

"உங்க போனுக்கும் ஒண்ணு அனுப்பறனுங்கத்தை. படம், பாட்டு எல்லாம் போட்டுச் செஞ்சிருக்கறோம், படிக்க வேண்டியதில்ல, கேட்டாப் போதும். என்ற போன்ல இன்னிக்கு நெட்டு தீந்துபோச்சு. உங்க வைஃபைய சித்தெ குடுங்களே."

படிக்க வேண்டியதில்லை என்று சொன்னது எனக்குச் சுருக்கென்றது. ஆனால் உறவுக்காரன் வாசலுக்கு வந்து கேட்கிறான். எங்கள் பக்கத்தில் வந்தவர்களுக்கு இல்லை என்று சொல்கிற வழக்கம் கிடையாது. மகன் சொன்னதும் ஞாபகம் இருந்தது.

"நெம்பர் சொல்ல மாட்டனுங்க மாப்ள. மவன் ஆருக்கும் சொல்லக்கூடாதுன்னு இருக்கறான்."

"சொல்ல வேண்டாம். நீங்களே அமுக்கிக் குடுங்க. நான் அக்கட்டால திரும்பிக்கறேன்."

அவன் போனை வாங்கி, எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, சேலைத் தலைப்பால் மூடி, எட்டு எண்ணையும் அழுத்தினேன். ஒரு எண் கூட அவன் கண்ணில் படவில்லை. அப்படிக் காத்தேன். போனைத் திருப்பிக் கொடுக்கும்போது எனக்குப் பெருமையாகக் கூட இருந்தது.

"அத்தை, பேங்க் லாக்கரு தோத்துப்போச்சு போங்க" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். பாட்டோடு அழைப்பு என் போனுக்கு வந்தது. போய்விட்டான்.

முதல் லேத்தில் நின்ற மூத்தவர் மிஷினை நிறுத்திவிட்டு, பனியன் வேஸ்ட் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"அம்மா, தப்பா நெனைக்காதீங்க. அந்தத் தம்பி போன்ல நம்ம வைஃபை ஏறிப்போச்சுங்க. இனி அவரு அக்கட்டால அவரு ஷெட்டுல உக்காந்திருந்தாலும் அது தானாப் புடிச்சுக்கும். சின்னவரு வந்தா நெம்பர மாத்தச் சொல்லுங்க."

"நான் நெம்பரச் சொன்னனா? உன்ற கண்ணுக்கு முன்னாலதான மூடி அமுக்குனேன்?"

"நீங்க சொல்லலீங்க. போனு ஞாபகம் வெச்சுக்குமுங்க."

"உன்ற சோலியப் பாரு. ஒறம்பரை சொந்தத்துக்குக் குடுக்கறதும் குடுக்காததும் எனக்குத் தெரியும்."

சரிங்க என்று சொல்லிவிட்டு மிஷினுக்குப் போனார். போன் ஒரு தடவை அழுத்தினதை மறக்காது என்பது எனக்குத் தெரியாது. ஆனால் இப்படி ஒன்றும் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. தெரிந்தவர் வந்து சொன்னார். நான் காது கொடுக்கவில்லை. மகனிடமும் சொல்லவில்லை. சொன்னால், எதற்கம்மா கொடுத்தீர்கள் என்று கேட்பான். அந்த ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள எனக்கு மனசு இல்லை.

கொடுமுடிக்குப் போனோம். சீர் செய்தோம். முன்னாலேயே நின்றேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு கம்பெனியிலிருந்து மகனுக்குப் போன் வந்தது. புது பம்புக்கு ஸ்லீவ் என்கிற குழாய் போன்ற சாமானை எங்களுக்குத்தான் கொடுப்பதாக இருந்தார்கள். டிராயிங் வெளியே போகாது என்று மகன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தான். அந்த ஸ்லீவை எதிர் ஷெட்டுக்காரன் கடைந்து, மாதிரிக்கு எடுத்துக்கொண்டு அதே கம்பெனிக்குப் போயிருக்கிறான். அவன் கையிலிருந்த டிராயிங் தாளின் மூலையில் கம்பெனிக்காரர்கள் எங்களுக்கென்று போட்ட எண் அப்படியே இருந்திருக்கிறது. எங்கள் இரண்டு ஷெட்டுக்கும் வேலை இல்லை என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

மகன் எதிர் ஷெட்டுக்குப் போய்க் கேட்டான். வந்து சொன்னான்: "ஆரு குடுத்தாங்கன்னு நான் சொல்ல மாட்டேன் மச்சான், பாவம், ஒருத்தரு பேரு கெட்டுப்போயிரும்ங்கறான்."

மாப்பிள்ளை என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னானா, வேறு ஒருவர் மேல் சந்தேகம் போகட்டும் என்று சொன்னானா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்றைக்குக் காது குத்துக்கு அழைக்க வந்தபோதே திட்டத்தோடு வந்தானா, இல்லை, பெட்டி திறந்து கிடப்பதைப் பின்னால் பார்த்துக் கை நீட்டினானா, அதுவும் தெரியாது. எங்களில் யாரும் அவனை உட்கார வைத்துக் கேட்கவில்லை. உறவுக்காரன் எடுத்திருந்தாலும், எடுத்துக் கொடுத்த கை வெளி ஆளுடையதாகத்தான் இருக்கும் என்று மகன் நினைத்தான். நாங்கள் அப்படி நினைக்கப் பழகினவர்கள்.

மறுநாள் கம்ப்யூட்டர் பார்க்கிறவரைக் கூட்டிவந்தான். எங்கள் வைஃபையில் எந்தெந்த போன் வந்து போயிருக்கிறது என்று அவர் ஒரு பட்டியலைத் திறந்து காட்டினார். அதில் எதிர் ஷெட்டின் பெயரோடு ஒரு போன் இருந்தது. டீ நேரம். நான் தூக்குப்போசியில் டீ கொண்டுபோனேன். மகன் மூத்த லேத்காரரைக் கூப்பிட்டான். மற்ற மிஷின்காரர்களும் டீக்காக நின்றிருந்தார்கள்.

"ஏனுங்ணா, இந்த நெம்பரு மூணு பேருக்குத்தான் தெரியும். எனக்கு, உங்களுக்கு, அம்மாவுக்கு. அம்மாவுக்கு போன்ல ஒண்ணுந் தெரியாது. அப்ப ஆருங்ணா குடுத்தது?"

"நான் குடுக்கலீங்க."

"அப்ப ஆரு?"

அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. டீ கொண்டுவர எனக்கு வழி விடுவது போல, அத்தனை மரியாதையாகப் பார்த்தார். நான் சொல்வதற்கு இடம் விட்டார். என் கையில் தூக்குப்போசி சூடாக இருந்தது. கம்ப்யூட்டர் பார்க்கிறவர் இருக்கிறார், மிஷின்காரர்கள் நால்வர் இருக்கிறார்கள், இந்த ஷெட்டைப் பன்னிரண்டு வருஷம் நடத்தினவள் நான். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்று மகன் சொன்னது எனக்கு அவமானம். அந்த அவமானத்துக்குப் பின்னாலேயே போய் ஒளிந்துகொண்டேன். டம்ளரில் டீ ஊற்றினேன்.

"என்னமோ ஆயிப்போச்சுங்க" என்றார் அவர். "நாளையிலருந்து நான் வரலீங்க."

மகன் அதைத்தான் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டான். அவர் மிஷினைத் துடைத்து, எண்ணெய் போட்டு, சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனார். அவருக்கு ஊற்றின டீ ஆறிக் கிடந்தது.

பதினோரு நாள் வாயைத் திறக்கவில்லை. சாப்பிட்டேன், தூங்கினேன், கோயிலுக்குக் கூடப் போனேன். பன்னிரண்டாம் நாள் மருமகள் போனைப் பார்த்துக்கொண்டே, "அய்யோ, இதெதுக்குப் போட்டாங்க" என்றாள். வாங்கிப் பார்த்தேன். ஆயுத பூஜைக்கு எடுத்த படம். எல்லோரையும் வெட்டிவிட்டு மூத்தவர் முகத்தை மட்டும் எடுத்திருந்தார்கள். நெற்றியில் நாங்கள் வைத்த சந்தனம். கீழே இங்கிலீஷும் தமிழும் கலந்து எழுதியிருந்தது.

"படி" என்றேன்.

"இவரை யாரும் வேலைக்கு வைக்க வேண்டாம், டிராயிங்கை வெளியே விற்கிறவர், அப்படின்னு இருக்குதுங்கத்தை. ஷெட்டுக்காரங்க குரூப்புல நாலு நாளாச் சுத்துதாம்."

"ஆரு போட்டது?"

அவள் ஷெட்டில் மகன் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தாள். அதுவே பதில்.

அன்றைக்குச் சாயந்திரம் மகன் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னேன். நெம்பரை மூடி அழுத்தினது, அவர் வந்து எச்சரித்தது, நான் விரட்டினது, எல்லாவற்றையும். அவன் கையைத் தட்டிலிருந்து எடுக்கவே இல்லை.

"ஏம்மா அன்னிக்கே சொல்லலீங்க?"

"நீ என்னக் கேக்கலை கண்ணு. எனக்கு ஒண்ணுந் தெரியாதுன்னு நீயே சொல்லிப்போட்டாய்."

"இது என்ற தப்பா?"

"இல்ல. என்றதுதான். அந்தப் படத்த எடுத்துரு. அவரக் கூப்புடு."

போனை எடுத்தான், அழித்தான். எல்லார் போனிலும் அழிந்துவிட்டதா என்று கேட்டேன்.

"நாலு நாளு ஆயிருச்சுங்கம்மா. இப்ப அழிச்சா என்ற போன்ல மட்டுந்தான் போகும். அதுக்குள்ள எத்தன பேரு எறக்கி வெச்சாங்களோ, எத்தன பேரு மத்தவங்களுக்கு அனுப்புனாங்களோ."

"அப்ப நாந்தான் குடுத்தேன்னு அதே குரூப்புல போடு. நான் பேசறேன், என்ற குரல்லயே போட்டு உடு."

"வேண்டாங்கம்மா. கம்பெனிக்காரங்க காதுக்குப் போகும். மொதலாளி ஊட்டுலயே டிராயிங்குக் கதவு தொறந்து கெடக்குதுன்னு இருக்கற சோலியும் நிக்கும். மிஷின் நாலும் சும்மா நிக்கறதப் பாக்கோணுமா?" கொஞ்சம் பொறுத்து, "அவர நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கூப்புடறது?" என்றான். கூப்பிடவில்லை. வைஃபை நெம்பரை மட்டும் மாற்றினான். பெட்டிக்குப் பூட்டுப் போட்டான். புது நெம்பரை என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாள் காலை யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினேன். காந்திபுரத்தில் இறங்கி, தொண்டாமுத்தூர் பஸ். இறங்கி, விசாரித்து, மலை அடிவாரம் பார்த்த ஒரு தெருவில் அவர் வீட்டைக் கண்டுபிடித்தேன். பத்தொன்பது வருஷத்தில் நான் அந்த வீட்டுக்குப் போனதில்லை. அவர் மனைவி வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிர்ந்தாள்.

"வாங்க. மொதலாளியம்மா பஸ்ஸேறி வந்திருக்கறீங்க. இன்னிக்கு மழ வருமாட்ட இருக்குது." எழுந்து ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டாள். "எங்கூட்டுல வைஃபை எல்லாங் கெடையாதுங்க. தண்ணி இருக்குது, குடிக்கறீங்களா?"

வாங்கிக் குடித்தேன். சொல்ல வந்ததை நின்றபடியே சொன்னேன். நான்தான் கொடுத்தேன், அன்றைக்குச் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

"எங்களுக்குத் தெரியுமுங்களே" என்றாள். "அவரு வந்தன்னிக்கே சொன்னாரு. அந்தம்மா வாயத் தொறக்கும், இன்னிக்கில்லீன்னா நாளைக்குத் தொறக்கும்னு, எட்டு நாளும் வேலச் சட்டையத் தொவச்சு மாட்டி வெச்சாருங்க. காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சு உக்காந்துக்குவாரு. போன்ல அந்தப் படம் வந்த அன்னிக்குத்தான் சட்டைய மடிச்சுப் பொட்டீல வெச்சாருங்க."

"அவன்... அவரு ஏன் மவன்கிட்டச் சொல்லலை?"

"சொன்னா நம்பியிருப்பாங்களா?" என்று என்னைக் கேட்டாள். "உங்களப் பத்தி இவரு சொல்றதையா?"

இவர் சொல்லியிருந்தால், நானே முதல் ஆளாக எழுந்து பொய் என்று சொல்லியிருப்பேன். அந்தத் தூக்குப்போசியைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னை எனக்குத் தெரியும்.

அவர் உள்ளேயிருந்து வந்தார். தூங்கி எழுந்த முகம். ஒரு தென்னந்தோப்பில் காவலுக்குப் போகிறாராம், யானை வந்தால் பட்டாசு போட்டு விரட்டுகிற வேலை.

"கண்ணு தெரியாதவரு யானைய எங்கீங்க பாக்கறது?" என்றாள் மனைவி. "மட்டை விழுந்தாலும் பட்டாசு, நாயி ஓடுனாலும் பட்டாசு. யானை எங்கியோ நின்னு சிரிக்குமுங்க."

"சும்மா இரு" என்றார். "உக்காருங்கம்மா."

உட்கார்ந்தேன். திரும்பி வா என்று சொல்ல வந்தவள், வாங்க என்று சொன்னேன். அவரிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் தரையைப் பார்த்தார்.

"லேத்துக்கு நான் வரலீங்க. அங்க வந்து நின்னா, கம்ப்யூட்டருப் பக்கம் ஆரு போனாலும் எல்லாரும் என்னையத்தான் பாப்பாங்க. அது வேண்டாமுங்க. ஒண்ணு மட்டும் கேக்கறேன்."

"கேளு... கேளுங்க."

"என்ற மவளப் பொண்ணு பாத்துட்டுப் போயிருக்கறாங்க. பையன் உங்க கணபதியிலதான், அம்மன் கோயிலுக்குப் பொறகால இருக்கற ஷெட்டுல மில்லிங் ஓட்டறான். ஆவணீல முடிச்சர்லாம்னு சொல்லியிருந்தாங்க. அந்தப் படம் அவன் போனுக்கும் போயிருச்சு. இப்ப நாங்க கூப்பிட்டா எடுக்கறதில்லீங்க." நிறுத்தினார். "நான் திருடலீன்னு நான் சொன்னா எடுபடாது. நீங்க சொல்லோணும். போன்ல வேண்டாம். போன்ல வர்றத மேல தள்ளிப்போட்டுப் போயிருவாங்க. நேர்ல சொல்லுங்க."

சரி என்றேன். அவர் மனைவி வெங்காயத்தை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் செய்ய மாட்டேன் என்று நினைத்தாள் என்று முகத்திலேயே தெரிந்தது.

அடுத்த நாளிலிருந்து போனேன். முட்டி வலி எனக்கு. ஒரு நாளைக்கு நான்கு ஷெட்டுக்கு மேல் முடியாது. எங்கள் சந்து, அடுத்த சந்து, அதற்கடுத்தது. மிஷின் ஓடுகிற சத்தத்தில் மெதுவாகச் சொன்னால் கேட்காது. கத்திச் சொல்ல வேண்டும். ஏனுங்க, கொஞ்சம் மிஷின நிறுத்துங்க என்பேன். நிறுத்துவார்கள். எங்கள் மூத்த லேத்காரர் எதையும் விற்கவில்லை, எதிர் ஷெட்டுக்காரன் போனில் வைஃபையைப் போட்டுக் கொடுத்தது நான், இந்தக் கையால் அழுத்திக் கொடுத்தேன், அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார் என்பேன். எதற்காக ஒரு கிழவி வந்து இப்படிச் சொல்கிறாள் என்று முதலில் சிலருக்கு விளங்கவில்லை. படத்தைப் பற்றிச் சொன்னதும் விளங்கும்.

ஒரு ஷெட்டில், "அடேங்கப்பா, பாட்டியம்மா ஹேக்கரா?" என்று ஒருவன் சிரித்தான். மற்றவர்களும் சிரித்தார்கள். அந்தச் சொல் எனக்குத் தெரியாது. சிரித்தால் சிரிக்கட்டும் என்று நின்று, சொல்ல வேண்டியதை இரண்டாம் தடவையும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். இன்னொரு ஷெட்டின் முதலாளி உட்கார வைத்து மோர் கொடுத்தார். "அதெல்லாஞ் சரிங்க. ஆனா அந்தாளுக்குக் கண்ணும் தெரியலையாமே" என்றார். ஒரு காரணம் போனால் இன்னொன்று தயாராக இருந்தது.

எதிர் ஷெட்டுக்கும் போனேன். அவனுடைய ஆட்கள் முன்னால் சொன்னேன்.

"உள்ள வாங்கத்தை, காபி சாப்புட்டுப் பேசலாம்" என்றான்.

"காபி வேண்டாம். உன்ற போன்ல இருக்கற எங்க டிராயிங்க அழி."

"எப்பவோ அழிச்சுப்போட்டனுங்க" என்றான். அழித்தானா என்று பார்க்க எனக்குத் தெரியாது. தெரிந்தாலும், இன்னும் எத்தனை இடத்தில் வைத்திருக்கிறான் என்று எப்படித் தெரியும்? வந்துவிட்டேன்.

மகனுக்கு மூன்றாம் நாளே செய்தி வந்துவிட்டது. "ஊரெல்லாம் சொல்லிட்டு வாரீங்களாமா" என்றான். ஆமாம் என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போய்விட்டான். இப்போதும் தேவைக்குத்தான் பேசுகிறான். கம்பெனி வேலை ஒன்று குறைந்தது. அது என்னால்தானா, இல்லை வேறு காரணமா என்று அவன் சொல்லவில்லை, என்னால்தான் என்று வைத்துக்கொண்டேன்.

அம்மன் கோவிலுக்குப் பின்னாலிருக்கிற ஷெட்டைக் கடைசியாக வைத்திருந்தேன். பயம்தான். சின்ன ஷெட். மில்லிங் மிஷினில் ஒருவன் நின்றிருந்தான். முப்பது வயதுக்குள் இருக்கும். அவன்தான் என்று கேட்காமலே தெரிந்தது, ஏனென்றால் நான் மூத்த லேத்காரர் என்று ஆரம்பித்ததும் அவன் மிஷினை நிறுத்திவிட்டுத் திரும்பினான். முதலாளியைப் பார்த்துத்தான் சொன்னேன், ஆனால் அவனுக்குக் கேட்கும்படி சொன்னேன். முழுவதும் கேட்டான். முதலாளி, "சரிங்கம்மா, சொல்லிப்போட்டீங்க, நல்லது" என்றார். அவன் துணியை எடுத்துக் கையைத் துடைத்தான். பிறகு மிஷினைப் போட்டான்.

வீட்டுக்கு வந்து மூத்தவர் வீட்டுக்குப் போன் செய்தேன். அவர் மனைவிதான் எடுத்தாள். மொத்தம் முப்பத்தோரு ஷெட்டில் சொல்லிவிட்டேன் என்றேன். அவள் நம்பவில்லை போலிருக்கிறது, எந்தெந்த ஷெட் என்று கேட்டாள். சந்து சந்தாகச் சொன்னேன். அவள் ஒவ்வொன்றுக்கும் ம் போட்டாள்.

"அந்தப் பையன் இருக்கற ஷெட்டுக்குங்க?"

"போனேன். நின்னு கேட்டான்."

"என்ன சொன்னான்?"

"ஒண்ணுஞ் சொல்லல அம்மிணி. மிஷினப் போட்டுட்டான்."

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். நேரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"சரிங்க" என்றாள். "அவரு தோப்புக்குப் போயிட்டாருங்க. வந்தாச் சொல்றேன்."

ஆவணி முடிந்துவிட்டது. கல்யாணம் நடந்ததா என்று நானாகக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. கேட்கிற உரிமை எனக்கு இல்லை. அவளும் கூப்பிடவில்லை.